நாற்றோடு நோயையும் விற்பதை நிறுத்துங்கள்

இந்த நாட்டில் செம்பனைக் கன்று விற்க வேண்டுமானால் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் வேண்டும். ரப்பர் கன்று விற்க ரப்பர் வாரியத்தின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் விற்றால் சட்டம் பாயும். ஆனால் கத்தரி, மிளகாய், வெண்டி நாற்றையும் கொய்யாக் கன்றையும் யார் வேண்டுமானாலும், எந்த மண்ணில் வளர்த்தும், சாலையோரத்தில் அடுக்கி வைத்து விற்கலாம். அதன் வேரைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. விவசாய இலாகாவிடம் நடவுப்பொருளுக்குச் சான்றளிக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. விரும்பிய நர்சரிக்காரர் சேரலாம், விரும்பாதவர் சேராமலே காலத்தை ஓட்டலாம். ஏற்றுமதிப் பயிருக்கு ஒரு நீதி, அன்றாடம் நம் குழம்பில் விழும் காய்க்கு இன்னொரு நீதி. இந்த ஓரவஞ்சனையின் நிழலில்தான் வேர்முடிச்சு நூற்புழு பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் தோட்டம் விட்டுத் தோட்டம் தாவிக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டும் காணாததுபோல் இருப்பவர்களை வன்மையாகக் கண்டிக்கிறோம். அவர்கள் செய்ய வேண்டியது என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

நோயின் அடையாளம் விவசாயிக்குப் புதிதல்ல. வெயில் ஏறியதும் இலை தொங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துகொள்ளும். மறுநாள் நண்பகலில் மறுபடி தொங்கும். ஈரம் போதவில்லை என்று தண்ணீர் விடுவார்கள், சத்துக் குறைவு என்று உரம் போடுவார்கள். அடியிலை மஞ்சளாகும், பூ உதிரும், பிடித்த பிஞ்சும் சிறுத்துப்போகும். அப்படிப்பட்ட ஒரு கத்தரிச் செடியைச் சுற்றிலும் மண்ணைக் கிளறி, வேர் அறுந்துவிடாமல் மெல்லத் தூக்கி, ஒரு வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். நல்ல வேர் மெலிந்து, நீண்டு, வெளுத்திருக்கும். நோய் கண்ட வேர் இஞ்சிக் கிழங்கைப் போலக் கணுக்கணுவாக வீங்கியிருக்கும்; பக்கவேர்கள் குட்டையாகி நின்றுபோயிருக்கும். ஒரு முடிச்சைப் பிளேடால் கீறினால் குண்டூசித் தலையைவிடச் சிறிய, பளபளப்பான வெள்ளை உருண்டை ஒன்று தெரியும். அதுதான் பெண் புழு. அது அங்கேயே உட்கார்ந்து தின்று, அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே சாகும்.

பயற்றஞ்செடியின் வேரிலும் முடிச்சுகள் இருக்கும். அது வேறு, இது வேறு. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நல்ல முடிச்சை விரலால் தேய்த்தால் தனியே உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சு உதிராது. வேரே வீங்கியிருப்பதால் வேரைக் கிழித்தால்தான் வரும். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். உரக்கடைக்குப் போய்த் திரும்பும் எத்தனையோ பேருக்கு அந்த ஐந்து நிமிடத்தை ஒருவரும் செலவழிக்கவில்லை.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுவின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாது. வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் துளைத்து உள்ளே போய், நீர் கடத்தும் திசுவின் அருகில் தலையைப் பதித்து, அங்குள்ள செல்களைத் தன் தீனிக்கென்றே பெருத்த ராட்சதச் செல்களாக மாற்றிவிடும். அதன்பின் வேர் உறிஞ்சும் நீரிலும் சத்திலும் முதல் பங்கு அதற்குத்தான். ஒரு பெண் புழு கூழ் போன்ற ஒரு பையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். வெப்ப நாடுகளில் மிகுதியாகக் காணப்படும் இனங்களுக்கு இனம் பெருக ஆண் துணைகூடத் தேவையில்லை. ஒரே ஒரு புழு உள்ளே வந்தால் போதும். நம் மண்ணின் வெப்பத்தில் ஒரு தலைமுறை முடிய ஏறக்குறைய நான்கு வாரம். ஆறு மாதம் நிற்கும் மிளகாய்ச் செடியின் அடியில் ஐந்தாறு தலைமுறைகள் பெருகிவிடும். குளிர்நாடுகளில் பனிக்காலம் கொஞ்சம் தடை போடும். பினாங்கில் அந்தத் தடையும் இல்லை.

கத்தரி, தக்காளி, வெண்டி, மிளகாய், வெள்ளரி, பாகல், புடல், பீர்க்கு, பப்பாளி, வாழை, கொய்யா என்று இது தொடாத பயிரைத் தேடுவதுதான் கடினம். ஈராயிரத்துக்கு மேற்பட்ட தாவர வகைகளில் இது வாழும். புழு துளைத்த காயங்கள் வழியாக வாடல் நோய்ப் பாக்டீரியாவும் புசேரியம் பூஞ்சையும் எளிதாக உள்ளே நுழையும். அதனால்தான் செடி செத்த பிறகு ‘வாடல் நோய்’ என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். கதவைத் திறந்துவிட்டவன் மண்ணுக்குள்ளேயே தப்பி, அடுத்த பயிருக்காகக் காத்திருக்கிறான்.

இனி, கண்டனத்துக்கு வருவோம். இந்தப் புழு தன் சொந்த முயற்சியில் மண்ணுக்குள் ஓர் ஆண்டில் ஒரு மீட்டர் நகர்வதே அரிது. அதற்கு இறக்கையில்லை, காற்றில் பறக்கும் விதையில்லை. அப்படிப்பட்ட ஒன்று பெருநிலத்திலிருந்து தீவுக்கும், தீவிலிருந்து அடுக்குமாடி வீட்டின் பூந்தொட்டிக்கும் போகிறது என்றால், யாரோ சுமந்து போகிறார்கள் என்றுதான் பொருள். நாற்றின் வேரில் ஒட்டிய மண்ணில் அது போகிறது. மூட்டை மூட்டையாக விற்கும் கறுப்பு மண்ணில் போகிறது. வாடகைக்கு எடுத்து அடுத்தடுத்த நிலத்தில் ஓட்டும் உழவு இயந்திரத்தின் கத்தியில் ஒட்டிய சேற்றில் போகிறது. மேட்டு நிலத்தின் வாய்க்கால் தண்ணீரில் பள்ளத்து நிலத்துக்கு வழிந்து போகிறது. இவற்றில் மிக விரைவாகவும் மிகத் தொலைவாகவும் கொண்டுபோவது நாற்று வியாபாரம்தான்.

வார இறுதியில் எந்தச் சாலையோர நர்சரிக்கும் போய்ப் பாருங்கள். கறுப்புப் பாலிபேக்குகளை வெறுந்தரையில் வரிசையாக வைத்திருப்பார்கள். மாதக்கணக்கில் நின்ற கொய்யாக் கன்றின் வேர், பையின் அடித்துளை வழியாக வெளியே வந்து தரைமண்ணுக்குள் இறங்கியிருக்கும். வாங்க ஆள் வந்ததும் கடைக்காரர் பையைப் பிடித்து ஓர் இழு இழுப்பார். தரைக்குள் இறங்கிய வேர் சடசடவென்று அறும். அறுந்து தொங்கும் வேரைக் கத்தரித்துவிட்டு, வெளிப்பக்கத்தைத் தண்ணீரில் கழுவி, செடியைப் பளிச்சென்று நம் கையில் கொடுப்பார். அந்தத் தரையில் முன்பு என்ன நின்றது, எத்தனை செத்தது, பையில் நிரப்பிய மண் எங்கிருந்து வந்தது என்ற எதற்கும் பதில் கிடையாது. சந்தேகத்தோடு கேட்டால் ‘கன்று கொழுகொழுவென்று இருக்கிறதே’ என்பார்கள். உரமும் தண்ணீரும் தாராளமாகக் கிடைக்கும் பாலிபேக்கில் நோயுள்ள கன்றும் கொழுகொழுவென்றுதான் இருக்கும். நிலத்தில் இறங்கி, வெயிலைத் தாங்கித் தானே நீர் தேடவேண்டிய நாள் வரும்போதுதான் குட்டு வெளிப்படும். அப்போது ரசீதும் இருக்காது, நர்சரியின் பெயர்ப் பலகைகூட மாறியிருக்கும்.

விற்பவர்களிடம் நேராகவே சொல்கிறோம். தெரிந்தே விற்பவர் செய்வது மோசடி. தெரிந்துகொள்ள மறுத்து விற்பவர் செய்வதும் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. பாலிபேக்கைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு கம்பித் தட்டின் மேல் வைக்கவும், நாற்றுத் தட்டில் தென்னை நார்த்தூளை நிரப்பவும், மண்ணைப் பயன்படுத்தியே ஆகவேண்டுமானால் சூடேற்றிச் சுத்தம் செய்யவும் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். கேமரன் மலையின் காய்கறிப் பண்ணைகளுக்கு நாற்று தட்டில்தான் போகிறது. அந்த வசதியைச் சில்லறையாக வாங்கும் எளியவருக்கும் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

தெரியவில்லை என்ற சாக்கை அரசுத் தரப்பு சொல்ல முடியாது. இங்கிலாந்தின் தாவரவியலாளர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி கண்ணாடிக் கூடத்து வெள்ளரியின் வேரில் இந்த முடிச்சுகளைக் கண்டு எழுதிய ஆண்டு 1855. நம் நாட்டிலேயே, கொய்யா வேரில் மெலாய்டோகைன் இன்காக்னிட்டா என்ற வேர்முடிச்சு நூற்புழு இனம் இருப்பதை ரசாக், லிம் இருவரும் ‘பெர்த்தானிகா’ ஆய்விதழில் எழுதிய ஆண்டு 1987. அன்று பிறந்த குழந்தைக்கு இன்று பள்ளி செல்லும் பிள்ளைகள் இருப்பார்கள். உலகெங்குமுள்ள நூற்புழு ஆய்வாளர்களிடம் ஓர் ஆய்விதழ் நடத்திய வாக்கெடுப்பின் முடிவு 2013இல் வெளிவந்தபோது, பயிரைக் கெடுக்கும் நூற்புழுக்களில் முதலிடம் வேர்முடிச்சு நூற்புழுவுக்கே கிடைத்தது. அறிவு இருக்கிறது, ஆய்வு இருக்கிறது, 1969இலிருந்து மார்டி என்ற வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது, பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அந்த அறிவு சாலையோர நர்சரி வரை நடந்து வரவில்லை. நடத்திக் கூட்டிவர வேண்டியது யார் பொறுப்பு?

எல்லையில் மட்டும் கெடுபிடிக்குக் குறைவில்லை. 1976ஆம் ஆண்டின் பயிர்த் தொற்றுத்தடுப்புச் சட்டத்தையும் 1981ஆம் ஆண்டின் விதிகளையும் காட்டி, வெளிநாட்டுச் செடிக்கு அனுமதிக் கடிதமும் நலச் சான்றிதழும் கேட்கிறார்கள். வெளிநாட்டு மண்ணை உள்ளே விடுவதில்லை. அது சரியான வேலை, பாராட்டுகிறோம். ஆனால் எல்லையைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டால், அல்லது இங்கேயே உள்ள ஒரு நோய்த் தோட்டத்தின் மண்ணானால், அதை மூட்டை கட்டி ஜார்ஜ்டவுன் முழுவதும் விற்கலாம் என்பது என்ன நியாயம்? முன்வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுக்கொண்டு பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறோம்.

இந்த அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. பழனிக்குப் போய்வந்த பினாங்கு அன்பர்கள் ஆயக்குடியை மறந்திருக்க மாட்டார்கள். சாலையின் இருபுறமும் கொய்யாக் கூடைகள், எங்கு பார்த்தாலும் கொய்யாத் தோப்பு. லக்னோ-49 ரகம் அந்த ஊருக்கே பெயர் வாங்கித் தந்தது. அந்தத் திண்டுக்கல் மாவட்டத்துக் கொய்யா வேரில்தான் மெலாய்டோகைன் எண்டரோலோபி என்ற கொடிய இனத்தை இந்தியாவில் முதன்முதலாக 2016இல் பதிவு செய்தார்கள். இது சாதாரண வேர்முடிச்சு நூற்புழு இல்லை. 1983இல் சீனாவின் ஹைனான் தீவில் ஒரு மரத்தின் வேரில் கண்டு பெயரிட்ட இனம். நூற்புழுவைத் தாங்குவதற்கென்று தக்காளியில் சேர்த்து வளர்த்த எதிர்ப்பு மரபணுவையும் மீறித் தின்னக்கூடியது. ‘நூற்புழு தாங்கும் ரகம்’ என்று விதைப் பொட்டலத்தில் அச்சடித்திருப்பதை நம்பி இதன் முன் நிற்க முடியாது. ஐரோப்பியப் பயிர்ப் பாதுகாப்பு அமைப்பு 2010இலேயே இதைத் தொற்றுத்தடுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

ஆயக்குடியோடு அது நிற்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளுக்குள் இந்தியாவின் வேறு பல மாநிலங்களிலும் கொய்யாத் தோப்புகள் காய்ந்தன. வேரைப் பார்த்தால் அதே புழு. ஆயிரம் மைலைப் புழு கடக்கவில்லை. லாரி கடந்தது. பெரிய பழம், சீக்கிரம் காய்ப்பு என்று விளம்பரம் செய்த ஒட்டுக்கன்றுகளைக் கடன்பட்டு வாங்கிய விவசாயிகள், மூன்றாம் ஆண்டு நான்காம் ஆண்டில் மரத்தை வெட்டி அடுப்புக்குப் போட்டார்கள். காய்கறி நாற்று கெட்டால் ஒரு பருவத்து நட்டம். பழமரம் கெட்டால் காத்திருந்த ஆண்டுகள் எல்லாம் நட்டம், அந்த நிலத்தில் மறுபடி கொய்யா வைக்கவும் முடியாது. இந்தியாவின் அகில இந்திய நூற்புழு ஆராய்ச்சித் திட்டம், நூற்புழுக்களால் அந்நாட்டுப் பயிர்களுக்கு ஆண்டுதோறும் ஏற்படும் இழப்பை 10,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறது.

எண்டரோலோபி இனம் நமக்குத் தொலைவிலும் இல்லை. தாய்லாந்தின் கொய்யாத் தோட்டங்களிலும் வியட்நாமிலும் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். தாய்லாந்து எல்லையிலிருந்து பினாங்குக்குச் சில மணி நேரப் பயணம்தான். இங்கேயும் கொய்யாவுக்குக் குறைவில்லை. பேராக்கின் பிடோர் கொய்யாவை நாடே தேடி வாங்குகிறது. சௌராஸ்தா சந்தையின் ஊறுகாய்க் கடைகளில் கொய்யாத் துண்டுகள் இல்லாத நாளில்லை. ஆகவே எந்த வட்டாரத்தில் எந்த இன நூற்புழு இருக்கிறது என்பதை வேர் எடுத்துச் சோதித்து, வட்டாரம் வட்டாரமாக எழுதி, விவசாயிக்குப் புரியும் மொழியில், தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் வெளியிட வேண்டும். ஆய்வேடுகளில் ஆங்கிலத்தில் கிடப்பதைக் காட்டி, வெளியிட்டுவிட்டோம் என்று சொல்லக் கூடாது.

இந்தத் தீவுக்குப் பயிர் நோயின் பாடம் தெரியாததல்ல. 1860ஆம் ஆண்டை ஒட்டிப் பினாங்கின் ஜாதிக்காய்த் தோட்டங்கள் நோய் தாக்கி அழிந்தன. பெரும் செல்வம் தந்த பயிர் சில ஆண்டுகளில் விறகானது. அன்று நுண்ணோக்கியோடு வந்து வேரைப் பார்க்க ஆளில்லை. இன்று ஆளிருந்தும் பார்க்கவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்?

செடி வாடுகிறது என்று கடைக்குப் போனால் கிடைக்கும் மருத்துவத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். வேரைக் கொண்டுவா என்று கேட்பவர் அரிது. ‘மருந்து’ என்று ஒரு பொட்டலத்தைத் தருவார்கள். மருந்து என்று நாம் வாய் கூசாமல் சொல்வது நஞ்சு. நூற்புழுவைக் கொல்ல உலகம் கண்டுபிடித்த நஞ்சுகளின் வரலாறு மனிதர்களைக் கெடுத்த வரலாறு. டி.பி.சி.பி. என்ற மண் நஞ்சைத் தயாரித்த அமெரிக்கக் கலிபோர்னியாவின் லாத்ரோப் ஆலையில், வேலை செய்த ஆண்கள் மலடானது 1977இல் வெளிவந்தது. 1979இல் அமெரிக்கா பெரும்பாலான பயன்பாட்டை நிறுத்தியது. ஆனால் அதற்குள் மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் வாழ்க்கை பாழாகியிருந்தது. அவர்கள் பல பத்தாண்டுகள் நீதிமன்றப் படிகளில் அலைந்தார்கள். வாழை வேரிலிருந்த ஒரு புழுவுக்காக மனிதக் குலக்கொடியை அறுத்தார்கள்.

இதைப் பினாங்கில் இருந்து சொல்வதற்கு நமக்குத் தனி உரிமை உண்டு. பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான பன்னாட்டு வலையமைப்பான பான், 1982 மே மாதத்தில் இந்த மண்ணில்தான் தோன்றியது. சுற்றுச்சூழல் அமைப்பான சகாபாட் ஆலாம் மலேசியா கூட்டிய கூட்டத்தில் பல நாட்டு ஆர்வலர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். 1985இல் அந்த அமைப்பு உலகை விட்டு விரட்ட வேண்டிய நஞ்சுகள் என்று ‘டர்ட்டி டசன்’ பட்டியலை வெளியிட்டபோது அதில் டி.பி.சி.பி.யும் இருந்தது, மண்ணில் இடும் இ.டி.பி.யும் இருந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அரை நூற்றாண்டாக நஞ்சில்லா விவசாயத்துக்குக் குரல் கொடுத்து வருகிறது. தோட்டப்புறத்தில் முதுகில் தோம்பு சுமந்து மருந்தடித்த நம் தமிழ்ப் பெண்களின் உடல்நிலையைத் தெனாகானித்தா அமைப்பு 2002இல் ஆய்வு செய்து வெளியிட்டது. நகம் கறுத்து, மூக்கில் ரத்தம் வழிந்து, கண் எரிந்து நின்ற அந்தத் தாய்மார்களுக்கு நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

மண்ணில் தூவும் குருணை நஞ்சான கார்போபியூரானை 2023 மே 1 முதல் பயிருக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பூச்சிக்கொல்லி வாரியம் தடுத்தது. நல்ல முடிவு, தாமதமாக வந்தாலும் வரவேற்றோம். ஆனால் ஒன்றைத் தடுக்கும்போது அதன் இடத்தில் என்ன செய்வது என்று விவசாயிக்குக் காட்டாமல் விட்டால், அவர் பெயர் தெரியாத இன்னொரு பொட்டலத்தைத் தேடித்தான் போவார். தடை விதிப்பது பாதி வேலை. நோயற்ற நாற்றை உறுதி செய்வது மீதி வேலை. அந்த மீதி வேலை அப்படியே கிடக்கிறது.

சிறு விவசாயிகளுக்கு இதெல்லாம் சுமை, உரிமம் என்று ஆரம்பித்தால் ஏழை நர்சரிக்காரன் பிழைக்க முடியாது என்று சிலர் வாதிடுவார்கள். அந்த வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட மாட்டோம். விதைச் சட்டம் என்ற பெயரில் தன் விதையைத் தானே எடுத்து வைக்கும் விவசாயியின் கையைக் கட்டினால் முதலில் எதிர்ப்பது நாமாகவே இருப்போம். பாட்டி முடிந்து வைத்த கத்தரி விதையை அண்டை வீட்டாருக்குக் கொடுப்பது அவள் உரிமை. விதையில் இந்தப் புழு போவதில்லை, வேரிலும் மண்ணிலும்தான் போகிறது. ஆகவே நாம் கேட்கும் சோதனை, வியாபாரமாக வேரோடும் மண்ணோடும் விற்பவருக்கு மட்டும். கட்டணம் வேண்டாம், சிறிய நர்சரிக்குக் கம்பித் தட்டும் நாற்றுத் தட்டும் வாங்க மானியம் கொடுங்கள். உரத்துக்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு சிறு துண்டு இதற்குப் போதும். முடிச்சு விழுந்த வேரால் உறிஞ்ச முடியாத உரத்துக்கு மானியம் கொடுத்து யாருக்கு என்ன லாபம்?

நில உரிமை இல்லாதவரின் நிலையையும் மறக்கக் கூடாது. பினாங்கில் காய்கறி போடுபவர்களில் பலர் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில், டி.ஓ.எல். என்று நாம் சொல்லும் அந்தச் சீட்டில் பிழைப்பவர்கள். அது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 அன்று காலாவதியாகும். அடுத்த ஆண்டு இந்த நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவரிடம் போய், பாத்தியை ஒரு பருவம் சும்மா போடு, பயிரை மாற்று என்று உபதேசம் செய்வது எளிது. அவரால் முடியாது. இருக்கிற மாதங்களுக்குள் போட்ட காசை எடுக்கத்தான் பார்ப்பார். உரிமத்தைச் சில ஆண்டுகளுக்கு உறுதியாகக் கொடுத்தால் மண்ணைப் பேணுவார். பயிர் நோயைத் தடுக்கும் அதிகாரி ஓர் அலுவலகத்தில், நில உரிமம் கொடுக்கும் அதிகாரி இன்னொன்றில். இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசாதவரை இது தீராது.

நம் சமூகமும் கொஞ்சம் திருந்த வேண்டியிருக்கிறது. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது மாடி வீடுகளிலும் குடியிருப்புப் பகுதிகளிலும் காய்கறித் தோட்டம் போடும் ஆர்வம் பெருகியது. மகிழ்ச்சிதான். நாட்டின் உணவு இறக்குமதி 2022இல் 75 பில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிலையில், ஒரு தொட்டி மிளகாயும் நல்ல காரியம். ஆனால் பொதுக்கூட்டம், பள்ளி விழா, கோயில் திருவிழா என்றால் நூற்றுக்கணக்கில் இலவசக் கன்று கொடுத்து, படம் எடுத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. மிக மலிவாகக் கொடுத்த நர்சரியில் மொத்தமாக எடுப்பார்கள், வேரை யாரும் பார்ப்பதில்லை. நோயுள்ள கன்றுகளை நூறு வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்க இதைவிட நல்ல வழி வேறில்லை. கொடுப்பவர்கள் அடுத்த முறை பத்துப் பைகளையாவது கிழித்து வேரைப் பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும்.

எனவே மாநில அரசிடமும், விவசாய, உணவு உத்தரவாத அமைச்சிடமும் கேட்கிறோம். பழக்கன்றும் காய்கறி நாற்றும் வியாபாரமாக விற்கும் ஒவ்வொரு நர்சரியையும் பதிவு செய்யுங்கள். விருப்பம் இருந்தால் சேரலாம் என்ற சான்றிதழ்த் திட்டத்தைக் கட்டாயமாக்குங்கள். செம்பனைக்கு முடிந்தது கத்தரிக்கு முடியாதா? ஆண்டுக்கு இரண்டு முறை முன்னறிவிப்பில்லாமல் போய், கண்ணில் பட்ட பைகளை எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சு கண்டால் அந்தத் தொகுதியை விற்க விடாமல் அழியுங்கள். நர்சரிக்காரர் தானாக முன்வந்து சொல்லியிருந்தால் ஈடு கொடுங்கள், மறைத்திருந்தால் தண்டியுங்கள். ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு பையிலும் வளர்த்தவர் பெயரும் நட்ட மாதமும் இருக்கட்டும். மண் மூட்டை விற்பவரும் மண் எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டட்டும். பாலிக் பூலாவிலும் செபராங் பிறையின் வட, மத்திய, தென் மாவட்டங்களிலும் விவசாயி ஒரு பிடி வேரையும் மண்ணையும் கொண்டுவந்து கொடுத்தால், காசில்லாமல் பார்த்து ஒரு வாரத்தில் பதில் சொல்லும் இடம் ஒன்று வேண்டும். ஆண்டு இறுதியில் வரும் மாநில வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென்று ஒரு வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் சட்டமன்றத்தில் ஏன் இல்லை என்று கேட்கும்படி நம் உறுப்பினர்களை வற்புறுத்துவோம். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடமும் இதையே கேட்போம்.

நிலத்தில் ஏற்கெனவே புழு வந்துவிட்டவர்கள் அரசுக்காகக் காத்திருக்க வேண்டாம். அறுவடை முடிந்ததும் தண்டை மட்டும் வெட்டிவிட்டு வேரை மண்ணிலேயே விடும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். வேரைத் தோண்டி எடுத்துக் காயவைத்து எரியுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். மழை குறைவான ஜனவரி, பிப்ரவரியில் பாத்தியை நனைத்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் இறுக்கமாக மூடி நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் விடுங்கள். மேல்மண்ணில் புழு பெருமளவு குறையும். கறுப்புத் தாளில் அந்த அளவு சூடு ஏறாது. செண்டுமல்லி நல்ல துணை, ஆனால் கத்தரிக்கு இடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டுப் பயனில்லை. பாத்தி முழுவதும் நெருக்கமாக நட்டு இரண்டு மூன்று மாதம் நிற்க வேண்டும், பிறகு மடக்கி உழ வேண்டும். பூ மாலைக்கு விலை போகும் என்பதால் அந்தப் பருவம் வெறும் நட்டமும் ஆகாது. நடவுக்கு முன் வேப்பம் புண்ணாக்கும் நன்கு மக்கிய எருவும் சேருங்கள். முட்டையைத் தின்னும் பர்ப்புரியோசிலியம், பொக்கோனியா போன்ற பூஞ்சைகளைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொய்யாவுக்கும் காய்கறிக்கும் பரிந்துரைக்கிறது. அவை எருவோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும், காய்ந்த மண்ணில் தூவினால் காசு வீண். அடுத்தவர் உழவு இயந்திரம் உங்கள் வரப்பில் ஏறும் முன் கத்தியைக் கழுவச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கன்று வாங்கப் போகிறவர்கள், காசு கொடுக்கும் முன் ஒரு பையைக் கவிழ்த்து, மண்ணை உதறி, வேரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரு கன்று வீணாகுமே என்றால் அந்தக் கன்றுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிடுங்கள். காட்ட மறுப்பவரிடம் ஒன்றுகூட வாங்காதீர்கள்.